வீல் கப்புக்கு ஒரு சிவப்பு

பெயிண்டர் பூலோகம் அன்றைக்கு ஒரு வீல் கப்பைப் பச்சையாக அடித்துவிட்டு, சிவப்பு என்று நினைத்து முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

பம்பாய் மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட கராஜ் அது. ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். எல்லோரும் கை வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாளி சுந்தரராமன் பாலக்காட்டுக்காரர். கோபம் வந்தால் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கும்.

"என்னது இது?"

"டாக்டரம்மா வண்டி வீல் கப்பு ஸார். ஸீட்டுக் கலர்ல கேட்டாவள்லா. இன்னும் ஒரு கோட்டு குடுத்தா பராபர் ஆயிரும்."

"ஸீட் செவப்பு. இது பச்சை. தமாஷ் பண்றதுக்கு நான்தான் ஆளா கெடச்சேன்?"

பூலோகம் கையிலிருந்த தட்டைப் பார்த்தான். காரின் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்த ஸீட்டையும் பார்த்தான். அவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

"தாரூ பியா க்யா, பூலோகம்?" என்று, குடித்தாயா என்பதை இந்தியில் கேட்டான் வெல்டிங் அடிக்கும் கணபத். எல்லோரும் சிரித்தார்கள். சுந்தரராமன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார்.

பூலோகம் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா ஸார். நேத்து கொஞ்சம்... தப்புதான்."

அவன் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை.

கார் டாக்டர் நாகலக்ஷ்மியுடையது. மாதுங்காவில் பாதிக் குழந்தைகள் அவள் கையில்தான் பிறந்தன என்று சொல்வார்கள். சுதந்திரம் வந்த வருஷம் கப்பல் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பியபோது, அவருடைய பத்து வருஷத்துப் பழைய வண்டியை வாங்கினாள். டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்டினாள். வெளியே பாலாடை நிறம், உள்ளே கருஞ்சிவப்புத் தோல். வண்டியில் ஒரே ஒரு குறை, சக்கரத்தின் நடுவே நட்டுகளை மறைத்து மாட்டியிருக்கும் வீல் கப்புகள். நாலிலும் பளபளப்பு உரிந்து, துரு எட்டிப் பார்த்தது. திரும்ப முலாம் போட நிக்கல் எங்கேயும் கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்து மூன்று வருஷமாகியும் அதே கதைதான். கறுப்பு அடித்துவிடலாம் என்றார் சுந்தரராமன்.

"கறுப்பு வேண்டாம். ஸீட் இருக்கே, அந்தக் கலர்ல அடிச்சுடுங்கோ. வெள்ளிக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் டிராம் ஏறிப் போய்விட்டாள்.

பச்சை வீல் கப்பைப் பார்த்தது செவ்வாய்க்கிழமை. சுந்தரராமன் கடைசியாகச் சொன்னது இதுதான்: "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலேன்னா நாலையும் கறுப்பு அடிச்சுக் குடுத்துடுவேன். நீ வேற எடம் பாத்துக்கோ."

அன்று ராத்திரி தாராவி வீட்டில் பூலோகத்தின் மனைவி சண்முகவடிவு, நகக்கண்ணில் ஏறியிருந்த சாயத்தை எலுமிச்சை மூடியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரீம் பாட்சாவின் தோல் ஷெட்டில் அவள் சாயம் போடுகிறவள். பதனிட்டு வந்த தோலுக்கு என்ன நிறம், எத்தனை பூச்சு, எப்போது எண்ணெய் என்பதெல்லாம் அவள் சொன்னதுதான். சாம்பிள் தோலை அவளிடம் ஒரு தடவை காட்டினால் போதும், அதே நிறத்தில் நூறு தோல் வரும்.

பூலோகம் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பச்சை அடித்ததற்கு அவள் முகம் மாறவில்லை. டப்பாக்களின் மூடியில் அவள்தான் அவனுக்காக ஆணியால் கீறி வைத்திருந்தாள், சிவப்புக்கு ஒரு கீறல், பச்சைக்கு இரண்டு, பழுப்புக்கு மூன்று என்று. யாரோ டப்பாக்களைத் துடைத்து வைத்தபோது மூடியை மாற்றி மூடியிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கடைசியில் அவன் சொன்னதைக் கேட்டதும் எலுமிச்சை மூடியைக் கீழே வைத்தாள்.

"குடிச்சேன்னு ஒத்துக்கிட்டியளா?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத? கண்ணு தெரியாதுன்னா சொல்ல? குடிகாரன்னா ரெண்டு நாள் ஏசுவாவ. கண்ணு தெரியாத பெயிண்டரை யாருளா வச்சிருப்பா?"

"உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு யாரு சொன்னா? செவப்பும் பச்சையும் தெரியாது. மத்த எல்லாம் எனக்குத் தெரியதவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்."

கல்யாணமான இரண்டாவது மாதம், அவள் கட்டியிருந்த கரும்பச்சைச் சேலையைப் பார்த்து, இந்தச் சிவப்பு உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று அவன் சொன்னான். அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் அன்றுதான் ஒன்று விளங்கியது. பம்பாய் வந்த புதிதில் ரயில்வே வேலைக்குப் போனபோது, ஒரு பெட்டி நிறையக் கலர் நூல்கண்டுகளைக் கொட்டி, ஒரே மாதிரி இருப்பதைப் பொறுக்கச் சொன்னார்கள். பொறுக்கினான். போகலாம் என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை.

யுத்த காலத்தில் கவலை இல்லை. எல்லா லாரிக்கும் ஒரே காக்கி, டப்பாவிலேயே தயாராக வரும். அதற்குப் பிறகும் பெரும்பாலும் கறுப்புதான். அபூர்வமாக வேறு நிறம் வந்தால் மூடிக் கீறல் காப்பாற்றியது. தோல் ஸீட்டைப் பார்த்துக் கலந்து அடி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"நாளைக்கு நான் வாரேன்" என்றாள் வடிவு.

"கராஜுக்கா? பொம்பளையாளு யாரும் அங்க வந்ததில்ல."

"டாக்டரம்மா வாராவள்லா?"



புதன்கிழமை காலையில் அவள் முதலில் ஷெட்டுக்குப் போனாள். மூன்று நாள் வரமாட்டேன் என்றாள். கரீம் பாட்சா, கணக்குப்பிள்ளைகூட மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கேட்டதில்லையே என்று காரணம் கேட்டார். ஒரு காருக்குக் கலர் பார்க்கப் போகிறேன் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கிளம்பியபோது அவரே திரும்பக் கூப்பிட்டு, பழைய கதர்த் துணி ஒரு கட்டு எடுத்துக்கொடுத்தார், கலர் துடைக்க ஆகும் என்று.

ரயில் பாலம் ஏறி இறங்கி அவள் கராஜுக்கு வந்தபோது பத்து மணி. பூலோகம் உட்கார்ந்து பச்சை வீல் கப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். மற்ற மூன்றும் துரு எடுத்து, பள்ளம் நிரவ லப்பம் வைத்து, முட்டை ஓடுபோல வழவழப்பாகத் தயாராக இருந்தன. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் கணபத் பார்த்துவிட்டான்.

"அரே, பூலோகம்! ஆஜ் தாரூ இல்லையா? வீட்டுக்காரப் பாயி காவலுக்கு வந்திருக்கா?"

திரும்பவும் எல்லோரும் சிரித்தார்கள். பூலோகமும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தான். அந்தச் சிரிப்புத்தான் வடிவுக்குத் தாங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஸீட்டைப் பார்த்துவிட்டு வந்து நிறத்தைக் கலந்து கொடுத்துவிட்டுப் போவது என்றுதான் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவள் நேரே சுந்தரராமனின் மேஜைக்குப் போனாள்.

"ஐயா, நான் பூலோகம் வீட்டுக்காரி. எங்க வீட்டுக்காரவிய குடிக்கதில்ல."

பூலோகம் எழுந்துவிட்டான். "ஏளா, வடிவு..."

"அவியளுக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியும். பொறந்ததுல இருந்தே அப்படித்தான். நேத்து டப்பா மூடி மாறிப்போச்சு, அதான் பச்சையாயிட்டு. குடிச்சதுனால இல்ல."

  சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவளை விட்டுவிட்டுப் பூலோகத்தைப் பார்த்தார்.

"நெஜமா?"

பூலோகம் தலையாட்டினான்.

"மூணு வருஷமா எங்கிட்ட பெயிண்டரா இருக்காய். ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

 இனிமேல் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனதும், பூலோகத்துக்கு அவனே எதிர்பாராமல் பேச்சு வந்தது.

"மூணு வருஷத்துல நான் அடிச்ச வண்டி ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா ஸார்? ஒரு எடத்துல பெயிண்டு வடிஞ்சிருக்கா? ஒரு கொப்புளம்? மத்தவன் கண்ணால பாப்பான். நான் விரலால தடவிப் பாக்கேன். லப்பத்துல தலைமயிரு அளவு மேடு இருந்தாலும் எனக்குத் தெரியும்."

சுந்தரராமன் யோசித்தார். திரும்பி வந்த வண்டி ஒன்றும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"கலர்?" என்றார்.

"கலரு நான் பாக்கேன்" என்றாள் வடிவு. "தோலுக்குக் கலர் போடுதவ நான். பத்து வருஷமா அதான் எனக்கு வேலை. உங்க வண்டிக்குள்ள இருக்கதும் தோலுதான். வெள்ளிக்கிழமை சரியா வரலேன்னா நாங்களே போயிருதோம். நீங்க சொல்ல வேண்டாம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை" என்று மட்டும் சொன்னார்.

வடிவு காருக்குள் ஏறவில்லை. நாலு கதவையும் திறந்து வைத்துவிட்டு, வெளியே நின்று சுற்றிச் சுற்றி வந்தாள். ஸீட் ஒரே சிவப்பு இல்லை. டாக்டர் உட்காரும் இடம் தேய்ந்து, பழுப்பு ஏறிக் கிடந்தது. பின் ஸீட் வெயில் பட்டு வெளிறியிருந்தது. கதவின் உள்பக்கம் தைத்திருந்த தோல்தான் நாவல்பழக் கறைபோல் ஆழமாக, சாயம் போட்ட அன்றைக்கு இருந்ததுபோல இருந்தது. எதைச் சிவப்பு என்று வைத்துக்கொள்வது?

டாக்டர் ஸீட் என்றுதான் சொன்னாள் என்பதால் முதலில் டிரைவர் ஸீட்டின் நிறத்தையே எடுத்துக்கொண்டாள். சிவப்பை ஊற்றி, கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பழுப்புக் கொஞ்சம் சேர்த்துக் குச்சியால் கலக்கினாள். பூலோகம் அதை ஒரு தகரத் துண்டில் ஸ்ப்ரே கன்னால் அடித்தான். ஈரத்தில் அச்சாக ஸீட்டேதான். கணபத்கூட எட்டிப் பார்த்து, "ஏக்தம் பராபர்" என்றான்.

"காயட்டும்" என்றாள் வடிவு.

காய்ந்தது. வெயிலில் கொண்டுபோய் வைத்தாள். செங்கல் மாதிரி இருந்தது. தோல் காய்ந்தால் நிறம் ஏறும், அதை வைத்து அவள் கணக்குப் போட்டிருந்தாள். பெயிண்ட் வேறு மாதிரி போயிற்று.

பூலோகத்தின் முகம் தொங்கிவிட்டது. "சொன்னேன்லா வடிவு. இது நமக்கு ஆகாது."

"பழுப்பு சாஸ்தியாயிட்டு. என் தப்புதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்த டப்பாவைத் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் மங்கும்வரை பதினோரு தகரத் துண்டு அடித்தார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் எத்தனை சொட்டு என்று கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டாள். எட்டாவது துண்டு ஸீட்டோடு சேர்ந்தது. பதினோராவது துண்டை அவள் ஸீட்டுக்காகக் கலக்கவில்லை, கதவுத் தோலுக்காகக் கலக்கினாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பூலோகம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த இரண்டு துண்டும் ஒன்றேதான். அவள் முகம் மட்டும் ஒன்றைப் பார்க்கும்போது வேறு மாதிரி ஆனது.

"ரெண்டுலயும் ஒவ்வொரு வீல் கப்பு அடிங்க" என்றாள்.

"ரெண்டு கலர்லயா? மொதலாளி என்ன சொல்லுவாரோ."

"ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் மாட்டிக் காட்டுவோம். வண்டிக்காரவிய சொல்லட்டும்."

வியாழக்கிழமை மத்தியானம் டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். டிராமில் அலைந்து அலுத்துப்போய், வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தவள். சுந்தரராமன் எழுந்து, "வாங்கோ டாக்டர், நாளைக்குத்தானே..." என்று இழுத்தார். முன் சக்கரம் இரண்டிலும் அப்போதுதான் பூலோகம் வீல் கப்பை மாட்டி முடித்திருந்தான்.

டாக்டர் இடது பக்கம் வந்து குனிந்து பார்த்தாள். பிறகு கதவு வழியே ஸீட்டைப் பார்த்தாள். "அடேயப்பா, அப்படியே ஸீட் கலர்! இதேதான். மிச்சத்தையும் இதே மாதிரி முடிச்சுடுங்கோ."

சுந்தரராமனுக்கு மூச்சு வந்தது. வேலை முடிந்துவிட்டது என்று அவர் நினைத்த நேரத்தில் வடிவு முன்னால் வந்தாள்.

"அம்மா, அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை பாத்திருங்க."

"யாரம்மா நீ?"

"கலர் சேத்தது நான்தான்."

டாக்டர் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். புருவத்தை நெரித்தாள். "இது இன்னும் கருப்பா இருக்கே. ஸீட் இப்படி இல்லையே."

"ஸீட் இப்படி இல்லதான். ஆனா ஸீட்டையும் சக்கரத்தையும் யாரு சேத்துப் பாப்பா? கதவு சாத்தியிருந்தா ஸீட் வெளிய தெரியாது. நீங்க எறங்கக் கதவைத் தொறக்கும்போதுதான் உள்ளயும் வெளியவும் ஒண்ணாத் தெரியும். அப்ப சக்கரத்துக்குப் பக்கத்துல நிக்கது கதவுத் தோலு. இப்பம் தொறந்து பாருங்க."

டாக்டர் வலது கதவைத் திறந்தாள். கதவு விரிந்து முன் சக்கரத்துக்கு அருகே வந்து நின்றது. கதவுத் தோலும் வீல் கப்பும் ஒரே துணியில் கிழித்த இரண்டு துண்டுபோல் இருந்தன. இடையில் பாலாடை நிற மட்கார்ட் மட்டும். அவள் இடது பக்கம் போய் அந்தக் கதவையும் திறந்து பார்த்தாள். அங்கே கதவுத் தோலுக்குப் பக்கத்தில் அந்த வீல் கப் வெளிறி, கழுவிப்போட்ட மாதிரி தெரிந்தது.

"இன்னொண்ணும் இருக்கும்மா" என்றாள் வடிவு. "ஸீட் இன்னும் வெளிறும். நாலு மாசத்துல வேற கலர் ஆயிரும். கதவுத் தோலுக்கு வெயில் படாது, அப்படியே இருக்கும்."

டாக்டர் நாகலக்ஷ்மி சிரித்துவிட்டாள். "நான் ஸீட்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போனேன். நீ இவ்வளவு யோசிச்சிருக்காய். இதுதான் வேணும். வலது பக்கத்துக் கலர்." பிறகு சுந்தரராமனிடம் திரும்பினாள். "இவாளை எங்கேர்ந்து பிடிச்சேள்?"

சுந்தரராமன் நடந்ததைச் சொன்னார். எதையும் விடவில்லை, பச்சை வீல் கப்பையும் சேர்த்துச் சொன்னார். பூலோகம் ஒரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் கேட்டுவிட்டு அவனிடம் வந்தாள்.

"இது வியாதி இல்லை, தெரியுமோ? மருந்தும் கெடையாது, மருந்து தேவையும் இல்லை. ஆம்பிளைகள்ல எத்தனையோ பேருக்கு இருக்கு. என்கூடப் படிச்சவர் ஒருத்தருக்கு இருந்தது. இப்போ பெரிய ஸர்ஜன். ரத்தம் எதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்னு நாங்க கேலி பண்ணுவோம்." அவள் வீல் கப்பின் விளிம்பில் விரலை ஓட்டினாள். "இந்த வழவழப்பு யார் பண்ணினது?"

"நான்தான்மா" என்றான் பூலோகம்.

"கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள் டாக்டர்.

வெள்ளிக்கிழமை நாலு வீல் கப்பும் மாட்டி, வண்டி கழுவித் தயாராக நின்றது. டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு சுந்தரராமன் வடிவைக் கூப்பிட்டார். வாரத்தில் நாலு நாள், காலையில் வந்துபோக முடியுமா என்று கேட்டார். ஷெட்டில் கரீம் பாட்சாவிடம் தானே பேசுகிறேன் என்றார்.

"பேசிக்கிடலாம்" என்றாள் வடிவு. "அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு செய்யணும். எங்க வீட்டுக்காரவிய குடிக்கதில்லன்னு எல்லாரும் கேக்கச் சொல்லணும்."

சுந்தரராமனுக்கு இந்தி சரியாக வராது. இருந்தாலும் கராஜின் நடுவில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பூலோகம் பீதா நஹீ ஹை. கபீ நஹீ பியா. சப்கோ சமஜ்ஹா?" என்றார். அவர் சொன்ன தோரணையில் நாலு பேருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கணபத் போய் இரண்டு கிளாஸ் டீ வாங்கி வந்து, ஒன்றைப் பூலோகத்தின் கையில் வைத்தான். பூலோகம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை வடிவிடம் நீட்டினான். ஒன்பது பேருக்கு முன்னால் அவன் அப்படிச் செய்வான் என்று அவள் நினைக்கவில்லை. வாங்கிக் குடித்தாள்.

பாலாடை நிறமும் கருஞ்சிவப்புச் சக்கரமுமாக டாக்டரின் வண்டி கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வரும்போது ஜனங்கள் நின்று பார்த்தார்கள். தை மாதத்துக்குள் கராஜுக்கு ஆறு வண்டிகள் அதற்காகவே வந்தன. 'கலர்க்காரப் பாயி', அதாவது கலர்க்கார அம்மா, எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். வடிவு காலையில் கராஜுக்கும் மத்தியானத்துக்கு மேல் ஷெட்டுக்கும் போனாள். பூலோகம் டப்பாக்களைத் திறந்ததும் சத்தமாக, எல்லோரும் கேட்க, "வடிவு, இது என்ன கலரு?" என்று கேட்டான். அவள் சொன்னாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை, பிறகு யாரும் கவனிக்கவும் இல்லை.

மாசி பிறந்த வாரம் தாதரிலிருந்து ஒரு பார்ஸிக்காரர் வந்தார். கறுப்பு வண்டி. அந்த லேடி டாக்டர் வண்டிக்குப் போட்டீர்களே, அந்தச் சிவப்பே வேண்டும், அச்சாக அதேதான் என்றார். சுந்தரராமன் சரி என்று தலையாட்டப் போனார்.

வடிவு அந்த வண்டியின் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே புறாக் கழுத்து நிறத்தில் சாம்பல் துணி.

"ஸேட், ஆப்கா காடீகோ வோ நஹீ சலேகா" என்றாள், உங்கள் வண்டிக்கு அது ஒத்துவராது என்று. பிறகு அவர் பதில் சொல்லக் காத்திராமல், வீல் கப்புகளைக் கழற்றச் சொல்லிப் பூலோகத்தைக் கூப்பிட்டாள்.